பழைய வண்டியும் பொய்ப் பெருமையும்

பழமை என்ற சொல்லுக்கு நம்மவரிடத்தில் ஒரு தனி மயக்கம் உண்டு. ஒரு பொருள் நூற்றிருபது ஆண்டுப் பழமை உடையது என்று எவரேனும் கூறினால் கைகட்டி நிற்போம். அதே பொருள் தொண்ணூறு ஆண்டுப் பழமைதான் உடையது என்று மற்றொருவர் சான்று காட்டினாலோ, அவரை ஊருக்கு ஆகாதவர் என்போம். இடையிலுள்ள முப்பது ஆண்டுகள் எங்கிருந்து வந்தன, எவர் கூட்டினார், எதன் பொருட்டுக் கூட்டினார் என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்க வேண்டிய இடத்தில் கேளாமல் விட்ட குற்றம் நம்மிடமும் இருந்தது. அதனை முதலில் ஒளிவு மறைவின்றிக் கூறிவிட்டு, அதன்பின் வியன்னா நகரத்து வண்டி ஒன்றின் சரித்திரத்துக்குச் செல்வோம்.

கூலிம் பட்டணத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்த்துப் பிழைப்பவர் நாம். முன்னர்ப் பால்மரம் நின்ற மண்ணில் இந்நாளில் செம்பனை நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், பழைய ரப்பர் ஸ்டோரின் பின்புறத்தை மறுநடவுக்காகத் துப்புரவு செய்தபோது, லாலான் புல்லுக்கும் மண்ணுக்கும் அடியிலிருந்து ஓர் இரும்புச் சட்டம் கிளம்பிற்று. நீண்ட பக்கச் சட்டங்கள் இரண்டு, முன் அச்சு, பின் அச்சு, கம்பி ஆரக்கால் கொண்ட சக்கரங்கள் மூன்று. யந்திரம் இல்லை, மேற்கூடும் இல்லை. நான்காவது சக்கரம் எங்கே போயிற்றென்று எவருக்கும் தெரியாது.

அன்று மாலைக்குள் அந்தச் சட்டத்துக்கு ஒரு புராணம் பிறந்துவிட்டது. "தோட்டத்தைத் திறந்த முதல் துரை சீமையிலிருந்து கப்பலில் இறக்கிய வண்டி இது. கெடாச் சீமையிலே ஓடிய முதல் மோட்டார் இதுதான். ஓட்டியவர் எங்கப்பா" என்று, எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் கூறினார். கேட்டவர் அனைவரும் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்விழாவில் அச்சட்டத்தை ஒரு பந்தலின் கீழ் நிறுத்தி, "கெடாவின் முதல் மோட்டார் வண்டி - 1905" என்று நம் கையாலேயே ஓர் அட்டை எழுதி மாட்டினோம். 1905 என்பதை எவரும் நமக்குச் சொல்லவில்லை. முதல் என்றால் அவ்வளவாவது பழையதாக இருத்தல் வேண்டும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொண்டோம். ஆங்கில வழியில் படித்தவர், சரித்திர நூல்களைப் புரட்டுபவர் என்ற பெயர் நமக்குத் தோட்டத்தில் உண்டு. ஆதலின் நாம் எழுதியதை ஊர் அப்படியே நம்பிற்று.

விழா முடிந்த மறுநாள், ஸ்டோரில் முன்னர் பிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அச்சட்டத்தின் அருகே குந்தி, முன் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். "கிராணியாரே, முன்னாலேயும் பிரேக் டிரம் இருக்கிறதே, கவனித்தீர்களா?" என்றார். நாம் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அதன் பொருள் நமக்கு விளங்கியிராது. மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு இருவரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் துரு நீக்கினோம். வார்ப்பு இரும்பின் மீது போர்டு கம்பெனியின் வளைவெழுத்து மெல்லத் தோன்றிற்று.

அதன்பின் கணக்கு எளிதாயிற்று. போர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்ற டி மாதிரி வண்டியில் முன் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. 1927 டிசம்பரில் வெளிவந்த ஏ மாதிரியில்தான் அக்கம்பெனி முதன்முதலாக நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைத்தது. ஆகவே நம் சட்டம் 1927-ஆம் ஆண்டின் முடிவுக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1896-இல், சிங்கப்பூரில் பென்ஸ் வண்டி ஒன்று வந்து இறங்கிவிட்டது. அதனை வைத்திருந்த சார்லஸ் பர்ட்டன் பக்லி என்ற வழக்கறிஞரின் வண்டிக்கு, அது எழுப்பிய ஓசை கருதி, "காப்பி யந்திரம்" என்று ஊரார் பட்டப் பெயர் வைத்தனர். போர்டு கம்பெனியே 1926-இல் சிங்கப்பூரில் ஒரு கிளையைத் தொடங்கியது. நம் தோட்டத்து வண்டி அவ்வழியாக வந்த எண்ணற்ற வண்டிகளுள் ஒன்றாக இருத்தல் கூடும். முதல் வண்டி என்பதற்கோ, 1905 என்பதற்கோ, நம் கையெழுத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

பழைய மோட்டார் வண்டிகளின் வயதைக் காண்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டில் தோன்றிய பழைய மோட்டார் வண்டிச் சங்கம் ஒன்று, லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டத்தில் கலந்துகொள்ளும் வண்டிகளுக்கு வயதுச் சான்று வழங்கி வருகிறது. 1905 ஜனவரி 1-ஆம் நாளுக்கு முன் செய்யப்பட்டவையே அவ்வோட்டத்துக்கு உரியவை. ஆகவே சில மாதங்களின் வேறுபாடும் பெரிய வழக்காகிவிடும். உரிமையாளர் சொல்லும் கதையை மட்டும் கொண்டு அங்கே தீர்ப்புச் சொல்வதில்லை. சட்டம், அச்சு, யந்திரத்தின் எண், காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கார்புரேட்டர், தீப்பொறி உண்டாக்கும் முறை என ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பார்க்கின்றனர். உறுப்புகளுள் மிகவும் பிந்தியது எதுவோ, அதுவே முதலில் விடை கேட்கும்.

இதிலும் ஏமாற இடம் உண்டு. பிரான்சு தேசத்து டி டியோன் பூட்டோன் கம்பெனி தன் சிறு யந்திரங்களை நூற்றுக்கு மேற்பட்ட பிற கம்பெனிகளுக்கு விற்றது. ஆதலால் யந்திரத்தின் மீது டி டியோன் என்று பொறித்திருப்பதைக் கண்டதும், வண்டியும் டி டியோன் என்று முடிவு கட்டினால் பிழைபடும். பெயர்ப்பலகை ஒன்று சொல்லும்; இரும்பு வேறொன்று சொல்லும். இரண்டும் மாறுபடுமாயின் இரும்பையே கேட்க வேண்டும்.

நிற்க. இனி வியன்னாவுக்குச் செல்வோம். அந்நகரத்துத் தொழில்நுட்பப் பொருட்காட்சிச் சாலையில் ஒரு வண்டி நிற்கிறது. குதிரையை அவிழ்த்துவிட்ட சாரட்டைப் போன்ற தோற்றம். இரும்புப் பட்டை கட்டிய மரச் சக்கரங்கள். திருப்புவதற்கு ஒரு சிறு கைச்சக்கரம். இருக்கைக்கு அடியில் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட பெட்ரோல் யந்திரம். அதன் ஆற்றல் சுமார் முக்கால் குதிரைச் சக்தி; வேகம் மணிக்கு ஆறு முதல் எட்டுக் கிலோமீட்டர். வேகமாக நடப்பவர் அதனோடு பேசிக்கொண்டே செல்லலாம். ஆயினும் அந்த வண்டிக்காக நடந்த சண்டை நெடுங்காலம் நீடித்தது.

அதனை உருவாக்கியவர் ஸீக்பிரீட் மார்க்கஸ். 1831-இல் ஜெர்மனியின் வடபகுதியிலுள்ள மால்கின் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே கம்மியத் தொழில் கற்று, பெர்லினில் ஸீமென்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து, 1852-இல் வியன்னாவில் குடியேறினார். பின்னர் அங்கே சொந்தமாக ஒரு பட்டறை வைத்தார். தந்திக் கருவி, விளக்கு, வெடிமருந்தைத் தூரத்திலிருந்து பற்றவைக்கும் மின் கருவி என்று பலவற்றைச் செய்து, பல தேசங்களில் நூற்றுக்கு மேற்பட்ட உரிமைப் பட்டயங்கள் பெற்றார். 1870-ஐ ஒட்டி, ஒரு சாதாரணக் கைவண்டியின் மீது யந்திரம் ஒன்றை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். அதற்குக் கிளட்சு இல்லை. பின் சக்கரங்களைத் தரையினின்று தூக்கி நிறுத்தித்தான் யந்திரத்தைக் கிளப்ப வேண்டும். கைவண்டி மறைந்து போயிற்று. அதன் புகைப்படம் இருக்கிறது. பொருட்காட்சிச் சாலையில் நிற்பது அவருடைய பிந்திய வண்டி. 1898 ஜூலையில் மார்க்கஸ் மறைந்தார். வண்டியின் வயதை அவர் வாய்மொழியால் கேட்டறியும் வழி அத்துடன் அடைபட்டது.

அந்த வண்டி 1870-களைச் சேர்ந்தது என்று கூறப்பட்டு, நாளடைவில் 1875 என்ற ஆண்டு அதன்மேல் ஒட்டிக்கொண்டது. கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர வண்டிக்கு ஜெர்மனியில் உரிமைப் பட்டயம் வேண்டி விண்ணப்பித்தது 1886 ஜனவரி 29-இல். ஆகவே 1875 என்பது உண்மையாயின், மோட்டார் வண்டியின் பிறப்பிடம் மான்ஹைம் அன்று, வியன்னாவே என்று ஆகிவிடும். ஆஸ்திரியர் பெருமிதம் கொண்டனர். 1932-இல் வியன்னாவின் தொழில்நுட்பக் கல்லூரி முன்பு மார்க்கஸுக்குச் சிலை வைத்தனர்.

ஆறே ஆண்டுகளில் காலம் மாறிற்று. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் புகுந்தன. யூதர் ஒருவரின் சிலை நிற்பதை நாஜிகள் பொறுப்பார்களா? சிலை அகற்றப்பட்டது. அதனோடும் அவர்கள் நிற்கவில்லை. 1940 ஜூலையில் ஜெர்மன் பிரசார இலாகா, மேயர், புரோக்ஹவுஸ் என்னும் இரு பெருங் கலைக்களஞ்சியங்களையும் குறித்து ஒரு முடிவு செய்து எழுத்தில் தெரிவித்தது. இனி வரும் பதிப்புகளில் மோட்டார் வண்டியை ஆக்கியவர் மார்க்கஸ் என்று போடலாகாது. டைம்லரும் பென்ஸும் என்றே போட வேண்டும் என்பது அதன் சாரம். எந்த ஆராய்ச்சியின் முடிவால் இம்மாற்றம்? எந்த யந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள்? ஒன்றும் இல்லை. மார்க்கஸ் எந்தக் குடியில் பிறந்தார் என்பது ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. டைம்லர் 1900-இலும் பென்ஸ் 1929-இலும் இறந்துபோயினர். இச்செயலில் அவ்விருவருக்கும் பங்கில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

போர் முடிந்தது. பொருட்காட்சிச் சாலையில் வண்டி தப்பியிருந்தது. 1948-இல் சிலை திரும்ப நிறுவப்பட்டது. 1950-இல் அவ்வண்டியைச் செப்பனிட்டு, வியன்னாத் தெருக்களில் ஓட்டியும் காட்டினர். அநீதி இழைக்கப்பட்டவருக்கு நீதி கிடைத்துவிட்டது என்று உலகம் மகிழ்ந்தது. 1875 என்ற ஆண்டு முன்னிலும் உறுதியாக நூல்களில் ஏறிற்று. பள்ளிப் பருவத்தில் நாம் புரட்டிய பழைய ஆங்கில நூலொன்றிலும் அவ்வாறே கண்டு மனப்பாடம் செய்தோம்.

ஆனால் சரித்திரம் அத்துடன் முடியவில்லை. 1960-களில் ஹான்ஸ் ஸேப்பர் முதலிய ஆராய்ச்சியாளர்கள், கதையை விட்டுவிட்டு யந்திரத்தையும் ஏடுகளையும் கேட்கத் தொடங்கினர். அவ்வண்டியின் யந்திரம் நான்கு வீச்சு முறையில் இயங்குவது. அதாவது, உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு செயல்களைப் பிஸ்டனின் நான்கு வீச்சுகளில் செய்வது. அம்முறையில் நிக்கோலஸ் ஓட்டோ ஒரு யந்திரத்தை ஓட்டிக் காட்டியதே 1876-இல்தான். அதற்கு ஓராண்டு முன்பே வியன்னாவில் அதே முறையில் வண்டி ஓடியிருக்குமா? மேலும் அவ்வண்டியில் உள்ள தீப்பொறிக் கருவியும் கார்புரேட்டரும், மார்க்கஸ் 1880-களில் பெற்ற பட்டயங்களோடு பொருந்துவன. மொராவியாவில் ஆதம்ஸ்தால் என்ற ஊரில் இருந்த மார்க்கி, புரோமோவ்ஸ்கி, ஷுல்ஸ் கூட்டுத் தொழிற்சாலை 1888, 1889 ஆண்டுகளில் அவ்வண்டியைச் செய்தது என்பது தெரிய வந்தது. 1875 விழுந்தது. பென்ஸின் பட்டயத்துக்குப் பிந்தியதாயிற்று மார்க்கஸின் வண்டி.

இதைக் கேட்டுச் சிலர், "அப்படியானால் நாஜிகள் சொன்னதே சரிதானே!" என்பர். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். ஆண்டைத் திருத்தியது ஆராய்ச்சி. பெயரை அழித்ததோ அதிகாரம். ஸேப்பர் முதலியோர் மார்க்கஸை ஏடுகளினின்று நீக்கவில்லை; அவருக்குரிய இடத்தில் அவரை நிறுத்தினர். 1870-ஐ ஒட்டிய கைவண்டி அவருடையதே. மின் பொறியால் எரிபொருளைப் பற்றவைப்பதில் அவர் உழைத்த உழைப்பும் அவருடையதே. பிரசார இலாகாவோ அவற்றையெல்லாம் ஒரு கடிதத்தால் இல்லையென்று ஆக்க முயன்றது. தவறான வழியில் சென்றவன் தற்செயலாக ஒரு சரியான ஊரை அடைந்தாலும், வழி சரியாகிவிடாது. அதேபோல், துன்புற்றவன் பால் நாம் கொண்ட இரக்கம் அவனுடைய வண்டியின் வயதைக் கூட்டிவிடாது.

இந்த வண்டியின் சக்கரங்களை மறுபடியும் நோக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். அவற்றில் ரப்பர் இல்லை. மார்க்கஸ் மரத்தின் மேல் இரும்பைக் கட்டினார். பென்ஸின் முதல் வண்டியில் கெட்டி ரப்பர் வளையம் வந்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். 1895-இல் பாரீஸ் - போர்தோ ஓட்டத்தில் மிஷலின் சகோதரர் மோட்டார் வண்டிக்கும் அதனைப் பூட்டினர். அதன்பின் உலகத்துக்கு எவ்வளவு ரப்பர் இருந்தாலும் போதவில்லை. 1876-இல் பிரேசில் தேசத்திலிருந்து விக்ஹாம் எடுத்துச் சென்ற விதைகளின் வழியாக, மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள் 22. அவற்றின் வழித்தோன்றல்கள் கெடாவின் காடுகளை விழுங்கின. காட்டை அழிக்கவும், கன்று நடவும், விடியுமுன் எழுந்து பால் வெட்டவும் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறினர். மோட்டார் வண்டியின் சரித்திரம் நம்மைச் சேராத சரித்திரம் என்று எண்ணுதல் தவறு. நாம் கூலிமில் பிறந்ததற்கே அச்சக்கரங்கள் ஒரு காரணம். இந்நாளில் கூலிமை அடுத்த பாடாங் மேஹாவில் மோட்டார் வண்டிகளைப் பொருத்தும் தொழிற்சாலையே நடக்கிறது.

ஆனால் வண்டியின் பெயர்ப்பலகையில் எவர் பெயர் ஏறுகிறது? கம்பெனியின் பெயர் ஏறும்; சில வேளை ஆக்கியவர் பெயர் ஏறும். சென்னையில் 1903-இல் சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவி மோட்டார் வண்டியைக் கட்டினார் என்று படிக்கிறோம். தகடு தட்டிய கையும், சக்கரத்துக்குப் பட்டை காய்ச்சிய கையும், டயருக்குப் பால் எடுத்த கையும் பலகையில் ஏறுவதில்லை. அவ்வாறு ஏறாமற்போன பெயர்களுக்கு ஈடாகத்தான், எளிய மக்கள் "முதல் வண்டி" என்ற பெருமையைப் பற்றிக்கொள்கிறார்கள் போலும். இதை நாம் அறிந்தது நூலிலிருந்து அன்று.

அட்டையைக் கழற்றிய அன்று மாலை அப்பெரியவரின் வீட்டுக்குச் சென்று, பிரேக் டிரம்மின் செய்தியை விளக்கினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ எங்கப்பா பொய்யா, கிராணியாரே?" என்றார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, ஜப்பானியர் ஆட்சியில், தந்தையைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயினர். 1942, 1943 ஆண்டுகளில் அப்பாதைக்குச் சென்று மீளாத தோட்டத் தமிழர் பல்லாயிரவர். அவருள் இவர் தந்தையும் ஒருவர். புகைப்படம் இல்லை, கல்லறையும் இல்லை. "அவர் மோட்டார் ஓட்டினவர் என்று அம்மா சொல்லும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது" என்றார். நமக்கு மறுமொழி கூற நா எழவில்லை. ஒரு பொய்யை நீக்கினோம் என்ற களிப்பு அந்தத் திண்ணையில் கரைந்து போயிற்று.

பெயரை மீட்க வேண்டுமாயின் கதையை விட்டு ஏட்டைக் கேட்க வேண்டும் என்று வியன்னா நமக்குக் கற்பித்திருந்தது. தோட்டத்து ஆபீசின் மேல்தட்டில், கறையான் தின்றது போக, போருக்கு முந்திய சம்பள ஏடுகள் சில எஞ்சியிருந்தன. கிராணி வேலையில் சேர்ந்த நாள் முதல் அவற்றை நாம் திறந்ததில்லை. இரண்டு வாரம் இரவில் அமர்ந்து புரட்டினோம். பால் வெட்டுவோர் பலர் அவ்வேடுகளில் எண்ணும் ஒற்றைப் பெயருமாக நிற்கின்றனர். 1938-ஆம் ஆண்டு ஏட்டில், லாரிக்காரர் ஒருவருக்குக் கீழே, "கார் டிரைவர்" என்ற குறிப்போடு ஒரு பெயர் இருந்தது. தந்தை பெயரும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. பெரியவரிடம் காட்டினோம். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. விரலை அப்பெயரின் மீது வைக்கச் சொல்லி, நாம் வாய்விட்டுப் படித்தோம். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார், படித்தோம்.

அந்தச் சட்டத்துக்குச் சிவப்பு வர்ணம் பூசி, புது யந்திரம் ஒன்றைப் பொருத்தி ஓட்ட வேண்டுமென இளைஞர் சிலர் விரும்பினர். நாம் உடன்படவில்லை. இல்லாத யந்திரத்தை இருப்பதாகக் காட்டுவதும், இல்லாத ஆண்டை எழுதுவதும் ஒரே வகையைச் சேர்ந்தவை. துருவை நீக்கி, எண்ணெய் பூசி, மழை படாமல் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நிறுத்தியிருக்கிறோம். நான்காம் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பனைக் கட்டை முட்டுக்கொடுத்து நிற்கிறது. சக்கரம் இல்லை என்பது எவருக்கும் தெரியும். புதிய அட்டையில் மூன்று வரிகளே எழுதினோம். 1927-ஆம் ஆண்டின் முடிவுக்குப் பின் செய்யப்பட்ட போர்டு வண்டியின் சட்டம் என்பது முதல் வரி. 1938-இல் இத்தோட்டத்தின் கார் டிரைவராக இருந்தவர் இன்னார் என்பது இரண்டாவது. சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாதவர் என்பது மூன்றாவது. இந்த வண்டியை அவர்தாம் ஓட்டினார் என்று எழுதவில்லை. ஏடு அதனைச் சொல்லவில்லை. பெரியவர் அதற்கு வருந்தவும் இல்லை.

வாசகர்களே! உங்கள் தோட்டத்து ஆபீசிலும், கோயில் பெட்டியிலும், பள்ளியின் பரணிலும் இத்தகைய ஏடுகள் கிடக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு வரும் நாளில், அவை குப்பையோடு எரிந்து போவது மிக எளிது. முதல் வண்டி, முதல் கோயில், முதல் தமிழர் என்று மேடைதோறும் முழங்குகிறோமே. அம்முழக்கத்துக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கை அந்த ஏடுகளைத் திறப்பதற்குச் செலவிடலாகாதா? கறையான் நம்மைக் கேட்டுக்கொண்டு தின்பதில்லை.